அச்சடிப்பது ஒரு படிப்பா?

மருமகள் என்ன படித்திருக்கிறாள் என்று உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் என் மாமியார், "ஏதோ அச்சடிக்கிற படிப்பாம்" என்று சொல்லிவிட்டு, சட்டென்று காபி கலக்க உள்ளே போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "பிரிண்ட் மேக்கிங்" என்று நானே விளக்கினாலும், "அப்படின்னா கல்யாணப் பத்திரிகை எல்லாம் நீயே அடிச்சுடுவியா?" என்றுதான் பதில் கேள்வி வருகிறது!

அச்சோவியத்தை விளக்க எனக்குச் சமையலறைதான் கைகொடுக்கிறது. சகோதரிகளே, உங்கள் எவர்சில்வர் தட்டைத் திருப்பிப் பாருங்கள். பாத்திரக் கடையில் வெட்டிக் கொடுத்த பெயர் இருக்கும் அல்லவா? அந்தப் பள்ளத்தில் கெட்டியான கறுப்பு மையைத் தேய்த்து, மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து நன்றாக அழுத்தினால், பள்ளத்தில் இருக்கும் மை காகிதத்தில் ஏறிவிடும். பெயர் மட்டும் இடம் வலம் மாறித் தெரியும். செம்புத் தகட்டில் கோடு கீறி ஓவியம் எடுப்பதும் இதேதான். ரப்பர் ஸ்டாம்பு இதற்கு நேர் எதிர். அதில் மேடான இடம் அச்சாகும். வெட்டி எடுத்த இடம் வெள்ளையாக நிற்கும். மரத்திலும் லினோலியத்திலும் செதுக்குவது இந்த ஜாதி. மாவைப் போட்டுத் தட்டினால் கோலம் விழுகிறதே, அந்த ஓட்டைத் தட்டு ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு ஒன்றுவிட்ட அக்கா.

நாலாவது, கல்லச்சு. எண்ணெய்ப் பிசுக்கில் தண்ணீர் ஒட்டாது என்பதைப் பாத்திரம் தேய்க்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த மையால் வரைந்து, பக்குவம் செய்து, கல்லை ஈரமாக்கி, உருளையால் மை தடவினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியில் வாழ்ந்த அலாய்ஸ் செனெஃபெல்டர். 1796-ல், சலவைக்குப் போடும் துணிக் கணக்கை எழுதிக்கொள்ளச் சொன்னாராம் அவருடைய அம்மா. கைக்குக் காகிதம் அகப்படவில்லை. பக்கத்திலிருந்த கல்லிலேயே எழுதிவிட்டார். அங்கே தொடங்கிய யோசனை இரண்டொரு வருஷத்தில் கல்லச்சாக முடிந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஆரம்பித்த அச்சகம், லட்சுமியையும் சரஸ்வதியையும் இந்த முறையில்தான் அச்சிட்டு வீடு வீடாகப் பூஜை அறைக்கு அனுப்பியது. இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு சலவைக் கணக்கு!

"எல்லாம் பிரதிதானே, அசல் எங்கே?" என்று கேட்பார்கள். அச்சோவியத்தில் ஒவ்வொரு தாளும் அசல்தான். தகடு வெறும் கருவி. இருபது தாள்தான் என்று முடிவு செய்தால் இருபதுதான். ஒவ்வொன்றின் அடியிலும் 1/20, 2/20 என்று பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பிறகு தகட்டின் குறுக்கே கோடு கீறிவிடுவது வழக்கம். அந்த இருபதும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதில்தான் உயிர் போகும். இருபது தோசையையும் ஒரே நிறத்தில் வார்த்துப் பாருங்கள், தெரியும்!

சென்னையில் 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கேயும், சாந்திநிகேதனின் கலாபவனத்திலும், பரோடா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. இளங்கலை நாலு வருஷம், முதுகலை இரண்டு. மதிப்பெண் மட்டும் போதாது. வரைந்து காட்ட வேண்டும். நோஞ்சான் உடம்புக்கும் இது ஒத்துவராது. தகடு அச்சடிக்கும் எந்திரத்தைக் கரும்புச் சாறு பிழியும் எந்திரத்தின் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும். பெரிய கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் சொல்ல வந்தது ஆசிட் அறையைப் பற்றி. தகட்டில் மெழுகுப் பூச்சுப் பூசி, ஊசியால் படம் கீறி, நைட்ரிக் அமிலத்தில் முக்குவார்கள். பூச்சு விலகிய கோட்டை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்போது கிளம்புகிற பழுப்புப் புகை நுரையீரலுக்குப் பகை. சுவாசித்த உடனே ஒன்றும் தெரியாமல் போகலாம். பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறித்துவிடும். செம்புக்கு ஃபெரிக் குளோரைடு என்ற மாற்று உண்டு. பழுப்புப் புகை கிடையாது. ஆனால் அதுவும் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். தகட்டில் தூவும் ரோசின் தூள் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. மை துடைக்கும் தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் இவற்றின் ஆவியும் தலைவலியோடு நிற்பதில்லை.

முதுகலை இரண்டாம் வருஷத்தில் நான் உண்டானேன். "படிப்பை அப்புறம் பார்த்துக்கலாம் அம்மாடி, மொதல்லே வயித்துப் பிள்ளை" என்றார் மாமியார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நான் பட்டறையில் இருந்த அத்தனை புட்டிகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்து, ஆசிட், தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் என்று வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில், "உளியை நான் அடிக்கலே, பார்த்துக்கோங்க" என்று சிரித்தார். எங்கள் ஆசிரியையும் அதையேதான் சொன்னார். "ஆசிட் ரூம் வாசப்படியை மிதிக்காதே. மரத்திலேயே வருஷத்தை முடி."

அப்படித்தான் முடித்தேன். மையை மண்ணெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன். "வடை சுடற எண்ணெயை இப்படியா கொட்டுவே?" என்று வீட்டிலே ஒரு பாட்டு இருக்கத்தான் செய்தது! குழந்தை பிறந்தபின் எந்திரம்கூட இல்லை. லினோலியத் துண்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செதுக்கி, மை தடவி, காகிதத்தின் முதுகில் மரக்கரண்டியால் தேய்த்து அச்செடுக்கிறேன். குழந்தை தூங்கும் நேரம்தான் என் பட்டறை. உளி எப்போதும் வெட்டுகிற கையிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும்; மற்ற கை அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் உளிப் பெட்டி அலமாரி உச்சிக்குப் போய்விடும். மேல்துணியை மாற்றிக் கை கழுவாமல் பிள்ளையைத் தொடுவதில்லை.

இப்படி வீட்டோடு வீடாகக் கலை செய்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜரினா. 1937-ல் அலிகாரில் பிறந்து, கணிதம் படித்தவர். வெளிநாட்டுத் தூதரகப் பணியிலிருந்த கணவருடன் ஊர் ஊராகப் போனார். பாங்காக்கில் மரச்செதுக்கைக் கற்றுக்கொண்டார். பாரிஸில் ஹேட்டர் என்ற பேர்பெற்ற கலைஞரிடம் பயின்றார். 1999-ல் அவர் செய்த தொகுதியில் 36 மரச்செதுக்கு அச்சுகள். வாசற்படி, கதவு, முற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உருதுச் சொல். விட்டுவந்த வீட்டை நினைத்து நாம் ஏங்குவது இல்லையா? அந்த ஏக்கம்தான் கறுப்புக் கோடுகளாக நிற்கிறது. 2020-ல் காலமானார்.

வருமானம் வருமா என்று கேட்டால், ஓவியத்தை மட்டும் நம்பினால் சிரமம்தான். பள்ளிக்கூட ஓவிய ஆசிரியை, புத்தகச் சித்திரம், துணி வடிவமைப்பு என்று பக்கத்தில் ஒன்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நானும் வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன்.

உங்கள் பெண் இந்தப் படிப்பில் சேர ஆசைப்பட்டால், "இதைப் படிச்சு என்ன செய்யப் போறே?" என்பதற்கு முன்னால் அவளோடு ஒருதரம் அந்தப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். ஆசிட் அறையில் புகையை வெளியே இழுக்கும் மின்விசிறி ஓடுகிறதா, கண் கழுவக் குழாய் இருக்கிறதா, கையுறை கொடுக்கிறார்களா, நைட்ரிக் அமிலத்துக்கு மாற்று வைத்திருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உள்ளே நுழைந்ததுமே மூக்கும் கண்ணும் எரிந்தால், வேறு கல்லூரியைப் பாருங்கள்.