கொழும்பு பார்க்கப் புறப்படும் குடும்பங்களுக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் முதற் கேள்வி, "இம்முறை கொழும்புக்குப் போவோமா?" என்பதே. பிள்ளைகள் கேட்பது எளிது. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் தந்தைக்கு விடை கூறுவதே அரிது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலைவாசி உயர்ந்துள்ள நிலையில், ஐவர் கொண்ட குடும்பமொன்று தலைநகர் சென்று மீள்வதென்றால் பல மாதச் சேமிப்புக் கரைந்துவிடும். ஆயினும், செலவு பெருகுவதற்கு விலைவாசி மட்டும் காரணமன்று. நமது திட்டமின்மையும் பெருங்காரணமாகும். இதனை நான் அனுபவத்தாற் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் வெள்ளவத்தையிலுள்ள மைத்துனர் வீட்டிற் சென்று தங்கினேன். வந்த இடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்னும் ஆசையால், வாடகை வாகனம் ஒன்றை அமர்த்தி ஒரே நாளில் நான்கு இடங்களுக்கு ஓடினோம். இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் கடைசி மகனுக்குக் காய்ச்சல் கண்டது; என் கையிலோ ஊர் திரும்பும் செலவுக்குரிய பணமே எஞ்சியிருந்தது. திரும்பி வருகையிற் புகைவண்டியில் இருந்தபடி, "கொழும்பில் உமக்குப் பிடித்தது எது?" என்று மனைவியைக் கேட்டேன். "நான் எங்கே கொழும்பைப் பார்த்தேன்? மச்சாளின் குசினியையும் உங்களுடைய தண்ணீர்ப் போத்தல்களையுந்தான் பார்த்தேன்" என்று அவள் சிரித்துக்கொண்டே கூறினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் சோறு கட்டியவளும், வெயிலிற் பையைச் சுமந்தவளும் அவளே. விடுமுறை எங்களுக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

அடுத்த முறை புறப்படுவதற்கு முன் ஓர் இரவு எல்லோரும் கூடத்திற் பாய் விரித்து அமர்ந்து திட்டமிட்டோம். ஒரு நாளைக்கு ஓர் இடம். ஒவ்வோர் இடத்தையும் தெரியும் உரிமை ஒவ்வொருவருக்கு. இதுவே விதி. பின்னர் பணத்தை நான்கு கடிதவுறைகளிற் பிரித்தோம்: பிரயாணம், நுழைவுச்சீட்டு, உணவு, அவசரத் தேவை. திரும்பிச் செல்லும் செலவை எவரும் தொடாதபடி தனியே வைத்தோம். கணக்குப் புத்தகம் மூத்த மகள் கையிற் போயிற்று. கணக்கெழுதும் பிள்ளை கண்டதையெல்லாம் கேளாது என்பதை அந்த ஐந்து நாள்களிற் கண்டேன். பலூன் கேட்ட தம்பியை என்னிலும் சாமர்த்தியமாக அவளே சமாளித்தாள்.

அவளுடைய தெரிவு, 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை. கண்டியின் கடைசி மன்னரிடமிருந்து 1815 இற் கைப்பற்றப்பட்டு, இங்கிலாந்து சென்று, 1934 இல் மீண்டுவந்த சிம்மாசனத்தை அங்கே காணலாம். காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் அங்குள்ளது. 1409 ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லிற் சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்றும் பொறிக்கப்பட்டுள்ளன. நூதனசாலைக்கு அண்மையிலேயே முன்னர் விக்டோரியாப் பூங்கா எனப்பட்ட விகாரமகாதேவிப் பூங்கா இருக்கின்றது. கட்டுச்சோற்றை அங்கே மரநிழலில் இருந்து உண்டோம். அருகருகே உள்ளவற்றை ஒரே நாளிற் சேர்த்துக்கொண்டால் வண்டிச் செலவு மிச்சமாகும்.

இரண்டாவது மகன் கேட்டது கடற்கரைப் புகைவண்டி. கோட்டையிலிருந்து கல்கிசை வரை செல்லும் அவ்வண்டி, கொள்ளுப்பிட்டிக்குப் பின் கடலோரமாகவே ஓடும். தெற்கு நோக்கிப் போகையில் வலப்பக்கத்து யன்னலோரம் அமர்க. சொற்பக் கட்டணத்தில் இதனிலும் நல்ல காட்சி தலைநகரில் இல்லை. அலுவலகம் செல்வோர் நெருக்கியடிக்கும் காலை மாலை நேரங்களைத் தவிர்த்தல் வேண்டும்.

கடைசி மகனுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. இத்தகைய இடங்களில் நம் நாட்டவர்க்குரிய கட்டணம் வெளிநாட்டவர்க்குரியதிலும் மிகக் குறைவு. ஆகையால் அடையாள அட்டையை மறவாது கொண்டு செல்லுங்கள். மூடப்படும் நாள்களையும் முன்னரே விசாரித்து அறிக. 2022 இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தில் ஏறவேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினால், அதனையும் ஒருவருடைய தெரிவாகவே கொள்க, மேலதிகமாகச் சேர்க்கவேண்டாம்.

என் பங்குக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைத் தெரிந்தேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கி எழுப்பிய ஆலயம் அது. தரிசனம் முடிந்து செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள் வழியாகப் புறக்கோட்டைக்கு நடந்து, 1909 இற் கட்டிமுடிந்த செந்நிறப் பள்ளிவாசலையும் கண்டோம். பஸ் கட்டணம் தவிர வேறு செலவில்லை. மதியம் சைவ உணவகமொன்றில் உண்டோம். ஐந்து நாளில் இரண்டு நாளாவது கட்டுச்சோறு வேண்டாம் என்பது எங்கள் ஏற்பாடு. அதற்காகும் செலவை வீண் செலவென்று கருதற்க. வீட்டுக்காரி உறங்கி எழுவதற்குரிய விலை அது. விருந்தினராய்த் தங்கும் வீட்டுக்கும் அரிசி, மரக்கறி என்பவற்றை நாமே வாங்கிக் கொடுத்தல் மரியாதை. ஊரிலிருந்து கொண்டுசெல்லும் முருங்கைக்காயும் ஒடியலும் கடையில் வாங்கும் இனிப்பிலும் மேலாக மதிக்கப்படும்.

ஐந்தாவது தெரிவு மனைவிக்குரியது. "எனக்கு ஓரிடமும் வேண்டாம்" என்றே முதலிற் கூறினாள். பிள்ளைகள் விடவில்லை. நெடுநேரம் யோசித்து, "கடற்கரையில் ஒரு பின்னேரம் சும்மா இருக்கவேண்டும்" என்றாள். காலி வீதிப் பஸ்ஸில் ஏறிக் காலிமுகத்திடலில் இறங்கினோம். தண்ணீர்ப் போத்தல்களை நான் சுமந்தேன். பிள்ளைகள் பட்டம் விட்டனர். அவள் கடலைச் சுருளுடன் கடலை நோக்கி அமர்ந்தாள்.

அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் அந்நடைபாதையைத் தொடங்கி 1859 இல் முடித்தார் என்றும், கொழும்பின் மாதர், சிறுவர் நலன் கருதி அதனைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைத்தார் என்றும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. மகள் அதனை வாசித்துத் தாய்க்கு விளக்கினாள். "நூற்றறுபது வருஷத்துக்கு முன்னரே ஒருவர் எங்களை நினைத்திருக்கிறார்" என்று சொல்லி, மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

அன்று நாங்கள் எழுந்து புறப்படும்போது நன்கு இருட்டிவிட்டது. ஊர் திரும்பிய பின் மகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தோம்; வாடகை வாகனத்தில் ஓடிய முதற் பயணத்திலும் செலவு குறைவு. அவசரத் தேவைக்குரிய உறை பிரிக்கப்படாமலே இருந்தது.

ஆகையால் நேயர்களே, விடுமுறைக்குத் திட்டமிடும்போது "எவ்வளவு பணம் உண்டு?" என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். "உமக்கு எங்கே போக விருப்பம்?" என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் கேளுங்கள். "ஓரிடமும் வேண்டாம்" என்பவரை இரண்டாம் முறையும் கேளுங்கள்.