கொலு பொம்மையும் வேண்டும், பூனையும் வேண்டும்!

புரட்டாசி பிறந்ததும் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்கும். எங்கள் வீட்டில் கூடவே ஒரு பஞ்சாயத்தும் இறங்கும். "இந்த ஒன்பது நாளைக்காவது அந்தப் பூனையைக் கோணியில கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வரச் சொல்லுங்க அண்ணி" என்பாள் என் நாத்தனார். அவள் கவலை நியாயமானதுதான். மேல் படியில் நிற்கும் மரப்பாச்சி ஜோடி என் மாமியாருக்கு அவர் அம்மா கொடுத்தது. செட்டியார் மண் பொம்மையோ அதைவிடப் பழசு. உடைந்தால் எந்தக் கடையிலும் அதே முகம் கிடைக்காது. ஆனால் வீட்டுச் சோறு தின்று வளர்ந்த ஜீவன், மார்க்கெட்டில் நாய்களுக்கு நடுவில் எத்தனை நாள் பிழைக்கும்? அதனால் ஐந்து வருஷமாக இரண்டையும் ஒரே ஹாலில் வைத்துத்தான் கொலு நடத்துகிறேன். பூனை வளர்க்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்று இதை எழுதுகிறேன்.

பூனை பொம்மைக்காகப் படி ஏறுவதில்லை. வீட்டில் புதிதாக ஒன்று முளைத்தால், 'அது என்ன?' என்று பார்த்தே ஆகவேண்டும் அதற்கு. உயரமான இடம் என்றால் கொள்ளை ஆசை வேறு. அதனால் மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பே வெறும் படியைக் கட்டிவிடுகிறேன். எங்கள் வெள்ளச்சி ஏறி, இறங்கி, முகர்ந்து, மேல் படியில் ஒரு தூக்கமும் போட்டுவிடும். பிறகு பாதி ஆசை அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு, படிக்கு எதிர்ப்புறம் பீரோ மேல் பழைய புடவையை மடித்துப் போட்டு வைக்கிறேன். படியைவிட உயரம் என்பதால் அதற்கு அங்கேதான் கௌரவம்!

படியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இரும்புப் படியானாலும் பூனை தாவும் வேகத்தில் ஆடும். வேட்டி விரிக்கும்போது நுனி தரை வரை தொங்கக்கூடாது. தொங்கினால் நகத்தால் பிடித்து இழுக்கும், படியோடு தசாவதாரமும் வந்துவிடும். ஓரத்தை உள்ளே மடித்து ஊசி குத்திவிடவும். காகிதக்கூழ் பொம்மைகள் எடை இல்லாதவை, உள்ளே வெற்றாக இருக்கும். அடியில் துவாரம் இருந்தால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டிச் செருகினால் அசையாமல் நிற்கும். சிறிய பொம்மைகளுக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போதும். ஆனால் பழைய மண் பொம்மைக்கு டேப் ஒட்டாதீர்கள், எடுக்கும்போது வர்ணம் உரிந்துவிடும். அவற்றை மேல் படியில் சுவர் ஓரமாக வையுங்கள். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கட்டும். ஆடுகிற எதையும் பூனை சும்மா விடாது.

பார்க் விஷயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஹாலில் மணலைக் கொட்டிப் பரப்பினால், நமக்கு அது பார்க். பூனைக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை! மணலுக்குப் பதில் கூழாங்கல் பரப்புங்கள். கேழ்வரகு, கடுகு முளைக்க வைப்பதைத் தட்டுகளில் தனித்தனியாக வைத்தால் நல்லது. பூனைக்குப் பச்சைப் புல் கடிப்பதில் பிரியம் உண்டு. அதற்கென்று ஒரு தட்டு கேழ்வரகு முளை கொல்லைப்புறம் வைத்துவிட்டால் பார்க் பக்கம் வருவது குறையும்.

இதெல்லாம் பொம்மைக்காக. நம்மில் பலர் யோசிக்காதது, கொலுவால் பூனைக்கு வரும் ஆபத்தை.

முதலில் ஜரிகை, ரிப்பன், பூக்கட்டும் நூல். பூனையின் நாக்கில் முள் போன்றவை உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். நூல் நாக்கில் மாட்டினால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். குடலில் போய்ச் சுருட்டி இழுத்து, குடலையே அறுத்துவிடும். எதிர் வீட்டுப் பூனை தோரணத்து ஜரிகையைத் தின்று மூன்று நாள் வாந்தி எடுத்தது. ஆபரேஷன் செய்துதான் பிழைத்தது. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் தயவுசெய்து கையால் இழுக்காதீர்கள், உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடுத்து அரளி. அம்பாளுக்குச் செவ்வரளி மாலை விசேஷம்தான். ஆனால் அதன் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். குழந்தைகளுக்கும் ஆகாது. எங்கள் வீட்டில் கொலு முடியும்வரை மல்லிகைதான். "அம்பாள் கோபிச்சுக்க மாட்டாளா?" என்று அத்தை கேட்டார். "வாயில்லா ஜீவனுக்காகன்னா கோபிப்பாளா அத்தை?" என்றேன். மறுநாள் அவரே மல்லிகை வாங்கி வந்துவிட்டார். விருந்தாளிகள் கொண்டுவரும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். அதன் மகரந்தம் ரோமத்தில் பட்டு, பூனை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுப்போகும்.

பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் பூஜைக் கற்பூரமும் அதற்கு விஷமே. நான் உருண்டையை நிறுத்திவிட்டு, வேப்பிலையை நன்றாகக் காய வைத்துத் துணியில் முடிந்து போடுகிறேன். பூச்சி வரவில்லை. சீரியல் செட் ஒயரைப் படிக்குப் பின்னால் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுவிடுங்கள், படுக்கப் போகும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். குத்துவிளக்கு எரியும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். வால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது?

சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு ஆட்கள் வரும் நேரம் வாசல் கதவு திறந்தே கிடக்கும். அந்த இரண்டு மணி நேரமும் வெள்ளச்சி பின் அறையில்தான், தண்ணீரும் மண் தட்டும் உள்ளேயே இருக்கும். அதற்கு முன் கால் மணி நேரம் பந்து உருட்டி விளையாடி, வயிறு நிறையப் போட்டுவிட்டால் பாட்டுச் சத்தத்திலும் தூங்கும். ராத்திரி ஹால் கதவைச் சாத்துமுன் படிக்கு அடியில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளிய அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடையாது.

விஜயதசமி முடிந்து பொம்மைகளைக் கட்டும்போதும் அப்படித்தான். காலிப் பெட்டியைக் கண்டால் உடனே உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். மூடி போட்டுக் கயிறு கட்டிப் பரணில் ஏற்றுமுன், உள்ளே கைவிட்டுத் துழாவிவிடுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.