கல்லா மேசைக்கு ஏற்ற கம்ப்யூட்டர் பெட்டி எது?

கடைக்குள் ஒரு சாண் இடத்தின் மதிப்பு வணிகர்களாகிய நமக்குத்தான் தெரியும். கல்லா மேசையில் தராசு, பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், கார்டு மெஷின் எல்லாம் வைத்த பிறகு கம்ப்யூட்டரின் பெரிய பெட்டிக்கு இடம் ஏது? ஆகவேதான் "சின்னப் பெட்டியாகக் கொடுங்கள்" என்று கேட்கிறோம். ஆனால் சிறிது என்பதற்காக மட்டும் வாங்கினால் என்ன நேரும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் நாங்கள்.

எங்கள் மளிகைக் கடையில் பெட்டியை மேசைக்கடியில், கதவு போட்ட அலமாரிக்குள், மைதா மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஒரு மாதம் ஒன்றாம் தேதி மாலை, கூட்டம் நெருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மறுபடி போட்டோம், கால் மணியில் மீண்டும் அணைந்தது. கையால் பில் எழுதிச் சமாளித்தோம். அன்று துண்டுச் சீட்டில் குறித்த பற்றுகளில் சில, கணக்கில் ஏறவே இல்லை. திறந்து பார்த்தால் விசிறியில் மாவும் மிளகாய்த் தூசியும் அப்பிக் கிடந்தன. சூடு வெளியேற வழியில்லாததால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது.

அடுத்து வாங்கிய பெட்டியிலும் தவறினோம். பிராசசர் மேல் அமரும் கூலர் உயரமாக இருந்ததால் பக்கத் தகட்டை மூட முடியவில்லை. இப்படிப் பட்டுக் கற்றதைக் கீழே தருகிறோம்.

1. முதலில் மதர்போர்டைத் தீர்மானியுங்கள். ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ.; மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244 மி.மீ. சதுரம்; 2001ல் வந்த மினி ஐடிஎக்ஸ் 170 மி.மீ. சதுரம். கடைசியில் சொன்னதில் கார்டு செருக ஒரே இடம்தான். விலையும் பெரும்பாலும் கூடுதல். பில் போட மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும் என்பது எங்கள் கருத்து. கிராபிக்ஸ் உள்ளடங்கிய பிராசசராக வாங்கினால் தனிக் கார்டு வேண்டாம், சூடும் குறையும்.

2. பெட்டி எவ்வளவு உயரக் கூலரை ஏற்கும் என்பது அதன் விவரப் பட்டியலில் மி.மீ. கணக்கில் இருக்கும். கூலரின் உயரத்தோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.

3. சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை பொருந்துகிறதா என்று கேளுங்கள். பண்டிகைக்கு முதல் நாள் பழுதானால் உள்ளூர்க் கடையில் எளிதில் கிடைப்பது அதுதான். மிக ஒல்லியான பெட்டிகளுக்குத் தனி அளவில் தேடி அலைய வேண்டும்.

4. காற்று நுழையும் இடத்தில் கழற்றிக் கழுவும்படியான தூசி வலை இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். பின்புறக் காலித் துவாரங்களுக்குத் தகடு இல்லையென்றால் கரப்பான் பூச்சி குடியேறிவிடும்.

5. தராசைப் பழைய சீரியல் கேபிளில் இணைப்பவர்கள், அதற்கான இணைப்பு உண்டா என்று பாருங்கள். ஒல்லிப் பெட்டியில் அரை உயரக் கார்டுதான் பொருந்தும்.

6. தகட்டுப் பெட்டிக்கு எர்த் இணைப்பு அவசியம். மூன்று முள் பிளக்கில் ஒன்றை ஒடித்துவிட்டுச் செருகாதீர்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்; கடை கழுவும் தண்ணீர் படாது. சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை விட்டால் சூடான காற்று வெளியேறும். மூடிய அலமாரி வேண்டவே வேண்டாம்.

மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டை துவரம் பருப்புகூட நாம் கொள்முதல் செய்வதில்லை. கணக்கு முழுவதையும் சுமக்கும் பெட்டியை மட்டும் படத்தைப் பார்த்து வாங்கலாமா? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.