மகாவலிப் பள்ளத்தாக்கும் திருகோணமலைத் துறைமுகமும்

விடுமுறையிற் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று பெற்றோர் பலர் வினவுவதுண்டு. மகாவலி கங்கையின் வழியே செல்லுங்கள் என்பதே என் விடை.

335 கிலோமீற்றர் நீளமுள்ள இந்நதி மலைநாட்டிற் பிறந்து, பேராதனைப் பூங்காவை வளைத்து, கண்டி நகரை அணைந்து கிழக்கே செல்கின்றது. அங்கே மலைகளுக்கிடையே விரிந்து கிடப்பது விக்டோரியா நீர்த்தேக்கம். 122 மீற்றர் உயரமான அதன் அணைக்கட்டு 1985ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அது நாட்டுக்கு மின்சாரமும் பாசன நீரும் தந்தது. ஆயின் பழைய தெல்தெனிய நகர் அந்நீரின் கீழ் மறைந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அதன் இடிபாடுகள் வெளித்தோன்றும்.

பின்னர் வடக்கே திரும்பும் நதி கொட்டியாரக்குடாவிற் கடலோடு கலக்கின்றது. குடாவின் வடபாலுள்ளது திருகோணமலை. ஆழத்தாற் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம். இங்கும் நீரின் கீழ் ஒரு வரலாறு கிடக்கின்றது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களாற் கோட்டை கட்டினர். எஞ்சியவற்றுட் பல கடலில் வீழ்ந்தன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் அங்கே சுழியோடி, ஆலயத்தின் எச்சங்களைக் கண்டனர். மீண்டும் எழுப்பப்பெற்ற ஆலயம் 1963இற் குடமுழுக்குக் கண்டது.

ஆலயம் பகைமையால் அழிந்தது; நகர் பொதுநலத்தின் பொருட்டுக் கைவிடப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. எனினும், இழந்தவர்க்கு இரண்டும் இழப்பே. எழிலைக் கண்டு மகிழும் பிள்ளைகளுக்கு, அந்நீரின் கீழ் எவருடைய வாழ்வு கிடக்கின்றது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.