கத்தியைக் கண்டால் காலே துணை! சிலம்பம் கற்றுத்தரும் தற்காப்புப் பாடம்

கத்தியை உருவிக்கொண்டு ஒருவன் உங்கள் மீது பாய்ந்து வருகிறான். உங்கள் கையில் ஒன்றும் இல்லை. என்ன செய்வீர்கள்?

"கையைப் பிடித்து முறுக்குவேன். கத்தியைப் பிடுங்குவேன்" என்று பலர் சொல்வார்கள். சினிமாவில் கதாநாயகன் அப்படித்தான் செய்கிறார். ஆனால், அங்கே இருப்பது அட்டைக் கத்தி. சண்டை போடும் இருவரும் முன்பே ஒத்திகை பார்த்தவர்கள்.

நிஜத்தில் குத்துகிறவன் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. கத்தியை இழுத்து இழுத்து, மறுபடியும் மறுபடியும் குத்துவான். அந்தக் கையைப் பிடிப்பது தேர்ந்த வீரர்களுக்கே கடினம்.

அப்படியானால் தப்பிக்க வழி? நம் சிலம்பக் கலையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

எம்.ஜி.ஆர். கற்ற கலை

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையில் இருக்கிறது கோச்சடை. காவல் தெய்வமான அய்யனார் கோவிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அதன் அருகே உள்ளது மாடக்குளம். இந்த மாடக்குளத்தைச் சேர்ந்த ரவி என்ற ஆசானிடம் எம்.ஜி.ஆர். சிலம்பம் பயின்றார். 1963-ம் ஆண்டு வெளிவந்த "பெரிய இடத்துப் பெண்" படத்தில் அவர் கம்பு சுழற்றியதை வயதானவர்கள் இன்றும் மறக்கவில்லை.

சிலம்பத்தில் கம்பு வீச்சு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் காலடி. முன்னே, பின்னே, பக்கவாட்டில் எப்படிக் கால் மாற்றுவது என்று வாத்தியார் பழக்குவார். எதற்காக? எதிரியின் ஆயுதம் எட்டாத இடத்தில் நிற்பதற்காக.

சிலம்பக் கம்பு, ஆளின் நெற்றி மட்டத்துக்கு இருக்கும். ஏறக்குறைய ஐந்தரை அடி. கத்திக்காரன் கையை நீட்டினாலும் மூன்று அடிக்குத்தான் எட்டும். இடையில் இருக்கும் தூரம்தான் உயிர்!

21 அடி, ஒன்றரை வினாடி

அமெரிக்கப் போலீசும் இதே உண்மையைக் கண்டது. சால்ட் லேக் சிட்டி என்ற நகரின் போலீஸ் அதிகாரி டென்னிஸ் டூலர், 1983-ம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடி வருகிறவன், 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான் என்று அவர் சோதித்துக் காட்டினார். இடுப்பில் உள்ள துப்பாக்கியை உருவிச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும்!

துப்பாக்கி வைத்திருப்பவருக்கே இந்த நிலை. வெறுங்கையோடு இருப்பவர் என்ன செய்யவேண்டும்?

இவற்றை நினைவில் வையுங்கள்

பணம் கேட்டு மிரட்டினால் கொடுத்துவிடுங்கள். பர்சைத் தள்ளி ஒரு பக்கம் எறியுங்கள், மறுபக்கம் ஓடுங்கள். பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம்.

ஓட வழி இருந்தால் ஓடுங்கள். வெளிச்சமும் கூட்டமும் உள்ள இடத்தை நோக்கி, சத்தம் போட்டுக்கொண்டே ஓடுங்கள்.

ஓட முடியாவிட்டால், இருவருக்கும் நடுவே ஏதாவது ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள். மேஜை, சைக்கிள், எதுவானாலும் சரி. நாற்காலி கிடைத்தால் அதன் கால்கள் அவனைப் பார்க்கும்படி நீட்டுங்கள். குடையும் துடைப்பமும்கூட அந்த நேரத்தில் சிலம்பக் கம்புதான்.

எதுவுமே கிடைக்கவில்லையா? துண்டையோ சட்டையையோ கையில் சுற்றிக்கொண்டு கழுத்தையும் மார்பையும் மறையுங்கள். முன்கையின் வெளிப்புறம் அவன் பக்கம் இருக்கட்டும். உட்புறத்தில்தான் நாடி ஓடுகிறது. அங்கே வெட்டு விழுந்தால் ஆபத்து அதிகம். சந்தர்ப்பம் கிடைத்ததும் தள்ளிவிட்டு ஓடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உயிரைக் காத்துக்கொள்ள எதிர்த்துத் தாக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில், 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைச் சொல்கின்றன. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தாக்கக்கூடாது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடித்தால், அது தற்காப்பு ஆகாது. வழக்கு உங்கள் மீதே திரும்பும்.

குத்துப்பட்டவருக்கு உதவி

உடம்பில் கத்தி குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது! இரத்தம் வெளியே கொட்டாமல் அந்தக் கத்தியே அடைத்துக்கொண்டிருக்கலாம். அது அசையாதபடி சுற்றிலும் துணியை வைத்துப் பிடியுங்கள். கத்தி உடம்பில் இல்லாவிட்டால், சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து பலமாக அழுத்துங்கள். "இரத்தம் நின்றுவிட்டதா?" என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். போலீசுக்கு 100 அல்லது 112.

இந்த எண்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கத்தியைக் கண்டு ஓடியவனை நாலு பேர் கேலி செய்யலாம். செய்யட்டுமே! அன்று இரவு அவன் தன் வீட்டில், மனைவி மக்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான்.