உள்வைப்பு அறுவைக்குப் பின்: எந்த வலி வழக்கம், எது வம்பு?

விறைப்புக் குறைவுக்கு மாத்திரையும் ஊசியும் கைவிட்ட பிறகுதான் ஆணுறுப்பு உள்வைப்பு அறுவையைப் பெரும்பாலோர் நாடுகிறார்கள். பல ஆண்டு சர்க்கரை நோய், புராஸ்டேட் புற்றுநோய்க்கான அறுவை, முதுகுத்தண்டுக் காயம் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். விறைப்புக் குறைவை ஊரறியாமல் மறைத்தவர், அறுவைக்குப் பின் கோளாறு வந்தால் அதையும் மறைக்கிறார். சின்னச் சிக்கல் பெரிதாவது பல நேரம் இப்படித்தான்.

உள்ளே இருப்பது என்ன?

இரண்டு வகை உண்டு. ஒன்று, எப்போதும் விறைப்பாகவே இருந்து, வேண்டியபடி வளைத்துக்கொள்ளக்கூடிய தண்டு. மும்பை மருத்துவர் ரூபின் ஷாவின் பெயரில், குறைந்த விலையில் இந்தியாவில் கிடைப்பது இந்த வகை. மற்றது, 1973இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் அறிமுகப்படுத்திய, நீர் நிரம்பும் கருவி. உறுப்புக்குள் இரண்டு குழல்கள், விதைப்பைக்குள் ஒரு பம்பு, அடிவயிற்றில் உப்புநீர்ப் பை. பம்பை அமுக்கினால் நீர் குழல்களில் ஏறும். விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் திரும்பிவிடும்.

முதல் ஆறு வாரம்

விதைப்பை வீங்கும், கன்றிக் கருநீலமாகும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். வலி நாலு முதல் ஆறு வாரம் வரை நீடிக்கலாம். ஆனால் வாரத்துக்கு வாரம் அது குறைந்துகொண்டே வரவேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால் ஏதோ சரியில்லை என்று பொருள்.

இறுக்கமான உள்ளாடைக்குள் உறுப்பைத் தொப்புள் பக்கமாக நிமிர்த்தி வைக்கச் சொல்வார்கள். பம்பு மேலேறி ஒட்டிக்கொண்டால் பிறகு கைக்கு எட்டாது; அதனால் மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து அதை மெல்லக் கீழே இழுத்துவிட வேண்டும். கருவியை முதலில் இயக்குவது மருத்துவர் முன்னிலையில்தான். ஆவலில் முந்திக்கொள்ள வேண்டாம்.

கிருமி புகுந்தால்

எல்லாரும் அஞ்சும் சிக்கல் இது. முதல்முறை அறுவையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கு வரக்கூடும். பழைய கருவியை எடுத்து மாற்றும் அறுவையில் இன்னும் கூடுதல். கருவியின் மேல் கிருமிக்கொல்லிப் பூச்சு வந்த பிறகு இந்த அளவு குறைந்திருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு ஆபத்து அதிகம்.

காய்ச்சல், சிவப்பு, தையல் வாயில் சீழ் என்று வெளிப்படையாக வந்தால் யாரும் மருத்துவமனைக்கு ஓடிவிடுவார்கள். ஏமாற்றுவது மெல்ல வரும் தொற்றுதான். காய்ச்சல் இருக்காது, சீழ் இருக்காது. மாதக்கணக்கில் விடாத வலி மட்டும் இருக்கும். வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம்: விதைப்பைத் தோலை இரு விரலால் பிடித்து நகர்த்தினால், அது பம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். அறுவைப் புண் ஆறி நாளான பிறகும் தோல் பம்போடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், அன்றைக்கே யூராலஜிஸ்டைப் பாருங்கள்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சமாளிப்பது இங்கே எடுபடாது. தொட்டிச் சுவரில் பாசி பிடிப்பதுபோலக் கிருமிகள் கருவியின்மேல் படலம் கட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் சரியாக எட்டாது. பெரும்பாலும் கருவியை எடுத்தே ஆகவேண்டும். ஆனால் சீக்கிரம் போனால் ஒரு வாய்ப்பு உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜான் மல்கஹி 1990களில் பரப்பிய முறையில், பழைய கருவியை முழுதும் அகற்றி, இடத்தைக் கிருமிநாசினிக் கரைசல்களால் கழுவி, அதே அமர்வில் புதிய கருவியைப் பொருத்துகிறார்கள். சீழும் காய்ச்சலும் முற்றியவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். வெறுமனே எடுத்துவிட்டு மாதக்கணக்கில் விட்டால் உள்ளே தழும்பு இறுகி உறுப்பு சுருங்கும், அடுத்த அறுவை கடினமாகும். மறைத்து வைக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் விலை இதுதான்.

கருவி பழுதானால்

நீர் கசிந்தால் கருவி நிமிராது, அவ்வளவுதான். அது வெறும் உப்புநீர், உடல் உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலானவை பத்தாண்டு தாண்டியும் உழைக்கின்றன, பழுதானால் மாற்றலாம். ஆனால் உறுப்பின் முனைத் தோல் மெலிந்து பளபளப்பதும், சிறுநீர்த் துவாரத்தில் கருவியின் நுனி தெரிவதும் அவசரம். பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும்.

‘குட்டையாகிவிட்டதே’

இது சிக்கல் பட்டியலில் வராத, ஆனால் அதிகம் கேட்கப்படும் குறை. கருவி பழைய நீளத்தைத் திருப்பித் தராது. முனை மொட்டும் முன்போல் புடைக்காது. உணர்வும் உச்சமும் பெரும்பாலும் அறுவைக்கு முன் இருந்தபடியே இருக்கும். ஆசையைக் கருவி கூட்டாது. அறுவைக்கு முன்பே உறுப்பை இழுத்து அளந்து, அந்த அளவை நோயாளியிடம் சொல்லிவிடும் மருத்துவர் பாதி மனத்தாங்கலைத் தவிர்த்துவிடுகிறார். கருவியை இயக்கக் கற்றுக்கொடுக்கும் நாளில் மனைவியையும் உடன் உட்காரவைப்பது நல்லது. நம் ஊரில் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை.

வேறு மருத்துவமனைக்குப் போகும்போது

கருவி இருப்பது தெரியாமல் சிறுநீர்க் குழாய் போட்டால் உள்ளே காயம் பட்டு, கருவி அரித்துக்கொண்டு வெளிவரக்கூடும். முதலில் நீரை இறக்கிவிட்டு, மெல்லிய குழாயை, வேண்டிய காலம் மட்டும் வைக்க வேண்டும். குடலிறக்க அறுவை என்றாலும் அடிவயிற்றில் நீர்ப்பை இருப்பதைச் சொல்லவேண்டும். இன்றைய கருவிகள் பலவற்றோடு எம்ஆர்ஐ எடுக்கலாம். ஆனாலும் எந்த மாடல் என்று கேட்பார்கள். அறுவையின்போது தரும் அட்டையைப் பர்ஸில் வைத்திருங்கள். விபத்தில் நினைவில்லாமல் கிடந்தால் வாய் திறந்து சொல்ல முடியாது. ஆகவே வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.