கீரைச் சிப்ஸ்: பச்சை நிறையில் விலை போடாதீர்கள்

2022 நெருக்கடிக்குப் பின் வீட்டுத்தோட்டம் போட்டவர்களில் சிலர், மிஞ்சும் கீரையைப் போறணையில் சுட்டுச் சிப்ஸாக விற்கப் பார்க்கிறார்கள். மலைநாட்டில் கேல் கீரை இதற்குத் தோதானது. நல்ல முயற்சிதான். விலை போடுமிடத்தில்தான் சறுக்கல்.

கீரையில் நூற்றுக்கு 85 பங்காவது தண்ணீர். ஒரு கிலோவில் காம்பும் தண்டும் கழிந்து 700 கிராம் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். போறணையிலிருந்து வருவது 100 கிராம் சொச்சம். 25 கிராம் பைக்கற் என்றால் நான்குதான். கீரைக்குக் காசில்லை என்றே இருக்கட்டும். மின்சாரம், எண்ணெய், பை, வீட்டாரின் உழைப்பு எல்லாம் அந்த நான்கின் தலையில்தான் விழும்.

உப்பும் அப்படித்தான். பச்சையில் அளவாகத் தெரிவது சுருங்கியதும் கரிக்கும். இலையை ஈரமறத் துடைத்து, 150 பாகை செல்சியஸ் அளவில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிச் சுட வேண்டும். ஈரமிருந்தால் இலை வேகுமே தவிர மொறுகாது.

என்னிடம் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது பையைத்தான். சூட்டோடு மெல்லிய பொலித்தீனில் கட்டிய சிப்ஸ் எமது காற்றுக்குச் சீக்கிரம் தொய்ந்துவிடும். நன்றாக ஆறவிட்டு, அலுமினியப் பூச்சுள்ள பையில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. சேர்மானம், நிறை, காலாவதித் திகதி இல்லாத பைக்கற்றை எவ்வளவு வேண்டியவர் தந்தாலும் இறாக்கையில் வைக்காதீர்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் செய்தவரை மட்டுமல்ல, விற்றவரையும் பிடிக்கும்.